கம்பம்மெட்டுக் கூடாரக்காரி

சாந்தம்மாள் அடித்த முளையை மாடு பிடுங்காது என்று கம்பம்மெட்டுப் பொதிமாட்டுக்காரர்கள் சொல்வதுண்டு. ஏலக்காய் மூட்டை சுமந்து கம்பத்துக்கு இறங்கும் மாடுகளும், அரிசியும் உப்பும் கருவாடும் சுமந்து மேலே ஏறி வரும் மாடுகளும் மெட்டில் ஒரு பொழுது நின்றுதான் போக வேண்டும். நிற்கிற மாட்டைக் கட்ட முளை வேண்டும். காற்று ஓயாத அந்த மலை விளிம்பில் கித்தான் கூடாரம் பறக்காமல் இருக்கவும் முளை வேண்டும். வேங்கை மரத்தில் முழ நீளத்துக்குச் சீவிய முளையை ஊன்றி, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலை ஓங்கி மூன்று அடி அடிப்பாள். நாலாவது அடி தேவைப்படாது. ஆள் ஒடிசல்தான். வலது தோள் மட்டும் ஆண்பிள்ளைத் தோள்.

கூடாரம் அவளுடையது அல்ல. பாலக்காட்டிலிருந்து வந்து ஏலக்காய் வியாபாரம் பார்த்த மொய்து ராவுத்தருடையது. மாடுகளைப் பார்த்துக்கொள்ள அவளை அமர்த்தியிருந்தார். கூடாரத்துப் பின்னால் சொந்தமாக ஒரு பசு கட்டி, வழிப்போக்கர்களுக்குப் பாலும் மோரும் விற்றுக்கொள்ளவும் விட்டிருந்தார்.

"ஏம்மா தங்கச்சி, உன்ற பாலுல மீனு நீந்துமாட்ட இருக்குதே" என்பார் ராவுத்தர்.

"நீந்தட்டும் மொதலாளி. மாடு ஒண்ணு, கேக்கிற வாயி ஊருப்பட்டது. தண்ணி சேராட்டா எப்பிடிப் பத்தும்?"

பாலில் பாதி தண்ணீர் என்பது மெட்டில் எல்லாருக்கும் தெரியும். அதற்காக யாரும் குடிக்காமல் போனதில்லை.

ஆனால் அவள் வெயில் இருக்கும் நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டாள். பொழுது விடியும் முன்பு ஒரு செம்பு, பொழுது சாய்ந்த பிறகு ஒரு செம்பு. இடையில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் ஒரு சொட்டு இல்லை. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து வேதக்காரி ஆனவள், அதனால் ஏதோ ஒருசந்தி இருக்கிறாள் என்று மாட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது வேதத்தில் சொன்ன விரதம் அல்ல. தன் புருசன் செத்த அன்று அவளாகவே எடுத்துக்கொண்டது.

அப்போது அவள் பெயர் சின்னத்தாய். சங்கரன்கோவில் பக்கம் ஒரு சேரியில் பிறந்து, நல்லதம்பியைக் கட்டிக்கொண்டு, பஞ்சத்துக்குத் தப்பி அவனோடு வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவள். அவர்களைக் கூட்டி வந்தவன் செல்லத்துரைக் கங்காணி. கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையும், அதற்குள் எண்ணெய் பூசி முடிந்த கட்டுக் குடுமியுமாக இருப்பான். தோட்டத்தில் துரைக்கு அடுத்தவன் அவன். சாதி விஷயத்தில் துரைக்கும் மேலே.

தோட்டத்தில் மேல லயம், கீழ லயம் என்று இரண்டு குடியிருப்பு வரிசைகள். மேல லயத்தில் கங்காணியின் சாதிக்காரர்கள் குடியிருந்தார்கள். கீழ லயத்தில் மற்றவர்கள். மேல லயத்துக்கு ஓர் ஊற்று, கீழ லயத்துக்கு ஓர் ஊற்று. ஒரு சித்திரையில் கீழ ஊற்று வற்றிச் சேறாகிவிட்டது. நல்லதம்பி காய்ச்சலில் கிடந்தான். மூன்று நாளாகச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டிக் கொடுத்தாள். நாலாம் நாள் அவள் கொழுந்தெடுக்கப் போயிருந்தபோது, அவனே தட்டுத் தடுமாறி எழுந்து மேல ஊற்றுக்குப் போய் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்திருக்கிறான்.

கங்காணி அவனைப் பிரட்டுக் களத்துச் சவுக்கு மரத்தில் கட்டிவைத்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் அது. தோட்டம் முழுவதும் பார்க்கும்.

"ஊத்தத் தீட்டாக்கின பய. அவன் வாயில எவனாச்சும் ஒரு சொட்டுத் தண்ணி விட்டா, அவனுக்கும் பக்கத்து மரம் இருக்கு."

சின்னத்தாய் கொழுந்துக் கூடையை எறிந்துவிட்டுக் குடத்தோடு ஓடினாள். கங்காணி அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. செருப்புக் காலால் குடத்தை ஓர் உதை உதைத்தான். தண்ணீர் நல்லதம்பியின் கால் பெருவிரல் வரை ஓடி வந்து மண்ணில் இறங்கியது. அவன் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பொழுது சாயும் முன் தலை தொங்கிவிட்டது. காய்ச்சலில் செத்தான் என்று தோட்டத்து டாக்டர் எழுதினார்.

அடக்கம் முடிந்ததும் சின்னத்தாய் காட்டுப் பாதையில் இறங்கினாள். ஏலக்காட்டுக்குள் பசித்துக் கிடந்தவளை மொய்து ராவுத்தரின் மாட்டுக்காரர்கள்தான் பார்த்துக் கூட்டி வந்தார்கள். அன்றிலிருந்து வெயிலில் தண்ணீர் இல்லை. கங்காணியின் நாக்கு வறண்டு, அவன் வீட்டுக்குள்ளேயே அவனுக்குத் தண்ணீருக்கு வழியில்லாமல் போகும் வரைக்கும் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எப்படி என்று அவளுக்குத் தெரியாது. முளை அடிக்கும்போதெல்லாம் முளையின் கொண்டையில் ஒரு வெள்ளைத் தலைப்பாகையைப் பார்த்து அடித்தாள். மூன்று அடியில் இறங்கியதற்கு அதுதான் காரணம்.

மாதம் ஒரு தடவை உபதேசியார் அமிர்தநாதன் கம்பத்திலிருந்து ஏறி, ஏலக்காட்டுக் கூலிகளுக்கு வேதம் சொல்லப் போவார். போகும் வழியில் கூடாரத்தில் உட்கார்ந்து மோர் குடிப்பார். அவர் சொன்ன கதைகளுக்காகத்தான் அவள் ஞானஸ்நானம் வாங்கினாள் என்று சொல்லலாம். சாந்தம்மாள் என்று பெயர் வைத்தவர் அவர்தான். எந்தச் சாந்தத்தைப் பார்த்து வைத்தாரோ.

அவளுக்குப் பிடித்த கதை ஒன்றுதான். பழைய காலத்தில் ஒரு கூடாரக்காரி. ஊரை இருபது வருஷம் நசுக்கிய சேனாதிபதி ஒருவன் சண்டையில் தோற்று, தேரை விட்டு இறங்கிக் காலால் ஓடி, அவள் கூடாரத்துக்கு வருகிறான். தண்ணீர் கேட்கிறான். அவள் பால் கொடுக்கிறாள். போர்வை போர்த்துகிறாள். அவன் தூங்குகிறான். அவள் கூடார முளையை எடுத்து அவன் கன்னப்பொறியில் வைத்து அடிக்கிறாள்.

"இன்னொருக்கா சொல்லும் உபதேசியாரே."

"எத்தன தடவ கேப்ப? பாவமன்னிப்புக் கத சொல்றேன், கேளு. கெட்டுப்போன மகன் திரும்பி வந்த கத சொல்றேன்."

"வந்தவன் வரட்டும். எனக்கு இத சொல்லும். அவன் தண்ணிதான கேட்டான்? அந்தம்மா எதுக்குப் பாலக் குடுத்தா?"

"பால் குடிச்சா தூக்கம் நல்லா வரும்லா."

அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. தண்ணீர் கேட்டவனுக்குப் பால் கொடுத்ததற்கு வேறு காரணம் இருக்கும் என்று பட்டது. அது என்ன என்று அவளுக்குத் தெரிய வருஷங்கள் ஆயின.

ஒரு பங்குனி மாதம், உச்சிப் பொழுது. ராவுத்தரின் மாடுகள் காலையிலேயே கம்பத்துக்கு இறங்கிவிட்டன. மெட்டில் ஆள் இல்லை. காட்டுப் பக்கமிருந்து ஒருவன் வந்தான். கோட்டு முதுகோடு கிழிந்திருந்தது. தலைப்பாகை இல்லை. குடுமி அவிழ்ந்து தோளில் கிடந்தது. ஒரு காலில்தான் செருப்பு. அந்தச் செருப்பைப் பார்த்ததும் அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

அவனுக்கு அவளைத் தெரியவில்லை. எட்டு வருஷம் ஆனது ஒரு பக்கம். கங்காணிக்குக் கொழுந்தெடுக்கிற பெண்களின் முதுகும் கூடையும்தான் தெரியும்.

"ஏட்டி, இது யாரு கூடாரம்?"

"ராவுத்தர் கூடாரம்."

"ஒருத்தனும் இல்லியே உள்ள?"

"நான்தான் இருக்கேன்."

நடந்ததை அவனே உளறிக் கொட்டினான். தோட்டத்தில் ஒரு பையனை மரத்தில் கட்டியிருக்கிறான். அவன் செத்துப்போனான். இந்த முறை கீழ லயம் மட்டும் அல்ல, அவன் கொடுமை தாங்காமல் மேல லயமும் சேர்ந்து எழுந்துவிட்டது. தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு விரட்டுகிறார்கள். குமுளி வழியில் இறங்கினால் ஆள் பார்ப்பார்கள் என்று ஏலக்காட்டுக்குள்ளேயே ராத்திரி முழுக்க ஓடி வந்திருக்கிறான்.

"தொண்ட ஒட்டிக்கிட்டு வருது. கொஞ்சம் தண்ணி..." என்றவன் குடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "நீ என்ன ஆளு?"

"வேதக்காரி."

அவன் எச்சிலை விழுங்கப் பார்த்தான். விழுங்க எச்சில் இல்லை. உயிருக்கு ஓடுகிறவன்; அப்போதும் யோசித்தான்.

"வேதத்துல சேருததுக்கு முன்ன என்ன ஆளோ. தண்ணி வேண்டாம். பால் இருக்கா? பாலுக்குத் தீட்டு இல்ல. மாட்டு மடியில இருந்து வாரது."

சாந்தம்மாள் அப்படியே நின்றாள். கூடாரக்காரி ஏன் பால் கொடுத்தாள் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"இருக்கு, ஐயா" என்றாள்.

உள்ளே போனாள். சட்டியில் கெட்டிப் பால் கொஞ்சம் இருந்தது. தன் குடத்தைச் சாய்த்து அதில் தண்ணீரை ஊற்றினாள். எப்போதும் பாதி, அன்று முக்கால். வெளியே கொண்டு வந்தாள்.

"பாத்திரம் வேண்டாம். ஒசக்க நின்னு கையில ஊத்து" என்று அவன் குனிந்து இரண்டு கையையும் குவித்தான். நல்லதம்பி ஊற்றில் குனிந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும். அவள் ஊற்றினாள். அவன் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தான்.

"நீத்துப் போச்சே பாலு."

"கோடைல மாடு அப்பிடித்தான கறக்கும்."

அவன் கூடாரத்துக்குள் தரையில் சரிந்தான். "யாராச்சும் வந்து ஆளு இருக்கானான்னு கேட்டா, இல்லன்னு சொல்லு. வெயில் தாழ எறங்கிடுதேன்." அவள் பொதிமாட்டு முதுகில் போடும் கோணியை எடுத்து அவன்மேல் போர்த்தினாள். நாலு மூச்சில் குறட்டை வந்துவிட்டது.

முளையும் கொட்டாப்புளியும் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தன. எடுத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முளையின் கூர்முனையை அவன் கன்னப்பொறிக்கு நேரே பிடித்தாள். அந்த இடத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. கதையில் இதற்குப் பிறகு ஓர் அடிதான்.

ஓர் அடியில் முடிந்துவிடுமே என்றுதான் அவளுக்குக் கை நின்றது. நல்லதம்பி ஒரு பகல் முழுக்கச் செத்தான். இவன் தூக்கத்தில் சாவதா? செத்தால் ஊருக்குத் தூக்கிப் போய்ப் பாடை கட்டி, சங்கூதி, கங்காணி என்றே எரிப்பார்கள். அவன் சாதி அவனோடு கூடவே சுடுகாடு வரைக்கும் போகும். எதற்காக நல்லதம்பியைக் கொன்றானோ அது அவனிடமே பத்திரமாக இருக்கும்.

கூடாரத்துக்குள் பழைய முளைக்குழி ஒன்று இருந்தது. அவன் குடுமி அதன் பக்கத்தில்தான் விரிந்து கிடந்தது. அவள் அதை அலுங்காமல் எடுத்து, மாட்டுக் கயிறு சுற்றுவதுபோல் முளையில் இறுக்கிச் சுற்றி, குழியில் ஊன்றினாள். ஓங்கி அடித்தாள்.

முதல் அடியிலேயே அவன் அலறி விழித்தான். எழப் பார்த்தான், தலை வரவில்லை. இரண்டாவது அடி. மூன்றாவது அடி. முளைக் கொண்டை தரையோடு தரையாகிவிட்டது. கன்னத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல் போகாது.

"கைய மேல கொண்டாந்தா நாலாவது அடி மண்ணுல விழாது" என்றாள்.

கை கீழே போனது.

பிறகு அவள் எழுந்து கூடாரத்தின் ஒவ்வொரு கயிறாக அவிழ்த்தாள். கித்தான் காற்றில் படபடத்துச் சரிந்தது. பங்குனி வெயில் நேராக அவன் முகத்தில் இறங்கியது. குடத்தைக் கொண்டு வந்து அவன் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரு நீ? நான் ஒனக்கு என்ன செஞ்சேன்?"

"நல்லதம்பி பொண்டாட்டி."

"எந்த நல்லதம்பி?"

அவள் செம்பைக் குடத்தின்மேல் கவிழ்த்து வைத்தாள்.

"மரம் விழுந்து கால் போச்சே, அவனா? அது துரை வெட்டச் சொன்ன மரம். நான் என்ன..."

"இல்ல."

"காட்டுக்கு ஓடிப்போய்ப் பிடிச்சாந்தமே, அவனா?"

எட்டு வருஷம் பகலில் நாக்கை உலர்த்திக் கிடந்தவள் அவள். அவனுக்கோ அது எந்த நல்லதம்பி என்றுகூட நினைவில்லை. அதுவரை அவளுக்குள் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அதோடு அதுவும் போய்விட்டது.

"நெனச்சுப் பாரும். நெனப்பு வார வரைக்கும் வெயிலு இருக்கு."

குடத்தின் நிழல் ஒரு முழம் நீண்டது. அவன் உதடு வெடித்தது. கெஞ்சினான், வைதான், காளியை இழுத்துச் சாபம் விட்டான், அழுதான். கடைசியில், "மேல ஊத்துல... சவுக்கு மரம்" என்றான்.

"ஆங்" என்றாள்.

அப்போதுதான் காட்டுப் பக்கம் ஆள் சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து பேர், கையில் கவாத்துக் கத்தி. முன்னால் வந்தவன் சுடலை. செத்த பையனின் அண்ணன். அவனுக்குப் பின்னால் நல்லமுத்து. மேல லயத்துக்காரர், கங்காணிக்குப் பங்காளி முறை.

"ஏத்தா, எந் தம்பியக் கொன்னவன் இந்தப் பக்கம் வந்தானா?"

"வந்தான். இந்தா கெடக்கான்" என்று கையைக் காட்டினாள்.

சுடலை கத்தியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். அவள் கொட்டாப்புளியைக் குறுக்கே நீட்டினாள்.

"வெட்டுனா ஒனக்கு ஆறிரும். எனக்கு ஆறாது தம்பி. கொஞ்சம் பொறு. ஒன் தம்பிக்கும் சேத்துத்தான்." பிறகு நல்லமுத்துவைப் பார்த்தாள். "பெரியவரே, நீங்க மேல லயம்தான? முன்னால வாங்க. சாட்சிக்கு ஒங்க ஆளுதான் வேணும்."

குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டாள். வெயிலில் அது பளபளத்தது. கங்காணியின் முகத்துக்கு மேலே பிடித்தாள்.

"சேரிக்காரி சின்னத்தாய் கொடத்துத் தண்ணி. வேணுமா?"

அவன் கண் நல்லமுத்துவைப் பார்த்தது, செம்பைப் பார்த்தது.

"வேண்டாம்னா சொல்லும். ஊத்திருதேன் கீழ. நீரு ஒதச்சு ஊத்துனீரே, அப்பிடி." செம்பைச் சாய்த்தாள். ஒரு சொட்டு அவன் தாடைப் பக்கம் மண்ணில் விழுந்தது.

"குடு" என்றான்.

"கேக்கல. காத்து பலமா இருக்கு."

"தண்ணி குடு தாயே! ஒங் கொடத்துத் தண்ணிதான். குடு!"

அவள் குனிந்து, செம்பை அவன் வாயில் வைத்தே ஊற்றினாள். எச்சில் பட. அவன் கடைசிச் சொட்டு வரை குடித்தான். இன்னும் கேட்டான். இன்னும் கொடுத்தாள்.

"மத்தியானம் குடிச்ச பால்லயும் முக்காவாசி இதான்" என்றாள். "பாலுக்குத் தீட்டு இல்லன்னீரு. எம் பாலு எப்பிடின்னு மெட்டுல எந்த மாட்டுக்காரன கேட்டாலும் சொல்லிருப்பான்."

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். கத்திகள் தொங்கிப்போயின. நல்லமுத்து மட்டும் சிரிக்கவில்லை. கங்காணியை ஒரு முறை பார்த்துவிட்டு, மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். எந்தக் கத்தியும் செய்திருக்க முடியாத வேலையை அந்த இரண்டு எட்டு செய்தது. கங்காணி கண்ணை மூடிக்கொண்டான்.

சுடலையிடமிருந்து கத்தியை வாங்கி, குடுமியை முளையோடு அறுத்தாள். "போம்" என்றாள். மொட்டைப் பிடரியோடு அவன் கம்பத்துப் பாதையில் இறங்கினான். யாரும் பின்னால் போகவில்லை. போக வேண்டிய தேவை இல்லை. மெட்டில் நடந்த செய்தி மனிதனைவிட வேகமாக மலையிறங்கும்.

அவ்வளவு நடந்தும் சாந்தம்மாள் வெயிலில் தண்ணீர் குடிக்கவில்லை. மறுபடி கயிறு கட்டிக் கூடாரத்தை நிமிர்த்தினாள். அறுந்த மயிர் முளையோடு தரைக்குள் கிடந்தது. அதை அவள் பிடுங்கவில்லை. வருகிற போகிற மாட்டுக்காரர்களிடம் ஒரே கேள்விதான்: "ஊரு போய்ச் சேந்தானா?"

சித்திரை முழுக்க வராத அமிர்தநாதன் உபதேசியார் வைகாசி பிறந்துதான் வந்தார். முகம் கறுத்திருந்தது. மோர் வேண்டாம் என்றார்.

"ஒனக்கு நான் சொன்ன கதையெல்லாம் இதுக்குத்தானா சாந்தம்மா? சத்துருவ மன்னிக்கச் சொல்லியிருக்கு."

"கொல்லலியே உபதேசியாரே."

"கொன்னிருந்தாக்கூட ஒரே பாவம். இது..."

"நீர்தான சொன்னீரு, கர்த்தர் கடைசி நாள்ல என்ன கேப்பாருன்னு. தாகமா இருந்தவனுக்குக் குடிக்கக் குடுத்தியான்னு கேப்பாராம்லா? குடுத்தேன்னு சொல்லுவேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. சாட்சியும் வச்சிருக்கேன்."

உபதேசியார் கம்பத்துப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கமிருந்துதான் ராவுத்தரின் மாடுகள் மணியோசையோடு ஏறி வந்தன. முன்னால் ராவுத்தரே வந்தார், குடையை மடக்கிக்கொண்டு.

"தங்கச்சி, நீ கேட்ட சேதி கெடச்சுதம்மா. கங்காணி ஊடு போய்ச் சேந்துட்டாரு. ஆனா ஊட்டுக்குள்ள விடலையாமா. மாட்டுக் கொட்டகையில படுக்கை. கெணத்துப் பக்கம் வரப்படாதுன்னு பெத்த மகனே சொல்லீட்டானாமா. மருமவ தூர நின்னு கையில தண்ணி ஊத்துறாளாமா, பாத்திரத்துல படாம." குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "படச்சவன் யாருக்கும் அந்தக் கெதி குடுக்கப்படாது" என்றார்.

சாந்தம்மாள் எழுந்து உள்ளே போனாள். செம்பு நிறைய மொண்டு வெளியே வந்து, கூடார நிழலைத் தாண்டி நல்ல வெயிலில் நின்றாள். உபதேசியாரும் ராவுத்தரும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாந்து குடித்தாள். கழுத்து வழியாக வழிந்து ரவிக்கை நனைந்தது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் குடித்தாள்.

தண்ணீர் இனித்ததா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இனித்தது என்றுதான் சொல்லியிருப்பாள்.